பன்னிரண்டு அடியில் குன்னூர்

ஜனவரி 4, சனி

சுவர் முடிவாகிவிட்டது. மாடி அறையில் ஜன்னலுக்குக் கீழே உள்ள கிழக்குச் சுவர். அங்கே மாதிரி ரயிலுக்கான பலகை, 12 அடி நீளம், 2 அடி அகலம். அதற்கு மேல் நீட்டினால் பீரோ கதவு திறக்காது.

பலகையில் வரப்போவது குன்னூர் ஸ்டேஷன். நீலகிரி மலை ரயிலின் 46 கிலோமீட்டரில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கல்லாறிலிருந்து ஏறி வரும் பல்சட்டப் பாதை அங்கே முடிகிறது. எஞ்சின் மாறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் அங்கிருந்து நேராக ஊட்டிக்குப் போய்விட முடியாது. சற்றுப் பின்வாங்கி, அதன் பிறகே மேலே ஏறும் பாதையைப் பிடிக்க வேண்டும். வட்டமாகப் பாதை போட்டு ரயிலைச் சுற்றவிடுவதில் எனக்கு ஆசை இல்லை. ஒரு ஸ்டேஷனில் நடக்கும் வேலை முழுவதையும் கையால் செய்து பார்க்க வேண்டும். அதற்கு இதைவிட நல்ல ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

அளவு 1:87. மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். மாதிரி ரயில் உலகத்தில் அதை 12 மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு ‘எச்ஓ எம்’ என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காகவே இந்த அளவில் நிறையப் பொருட்கள் வருகின்றன. நீலகிரியின் பழைய ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவைதான்.

ரம்பத்தைத் தொடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க வேண்டும். எந்த மென்பொருளில் என்பதைத்தான் இந்த மாதம் முடிவு செய்யப்போகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

முதலில் எனிரெயில். நெதர்லாந்தில் செய்தது, விண்டோஸில் மட்டும் ஓடும். காலையில் இறக்கி மதியத்துக்குள் கைவந்துவிட்டது. இடப்பக்கம் கம்பெனிவாரியாகத் தண்டவாளத் துண்டுகள். வேண்டியதை இழுத்துப் பலகையில் போட்டால், பக்கத்துத் துண்டின் முனையோடு தானே ஒட்டிக்கொள்கிறது. வளையும் தண்டவாளத்தை அளவுக்கு மேல் வளைத்தால் நிறம் மாறி எச்சரிக்கிறது. பணம் கட்டாமல் 50 துண்டுகள் வரை வரையலாம். ஒரு சிறு ஸ்டேஷனுக்கு அதுவே ஏறக்குறையப் போதும்.

கடையில் பெட்டி வாங்கிப் பாதை போடுகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். திரையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் கடையிலும் இருக்கும். வரைந்து முடித்ததும் எதை எத்தனை வாங்க வேண்டும் என்ற பட்டியலும் கிடைத்துவிடும்.

எனக்கு இடித்தது அங்கேதான். எச்ஓ எம் துண்டுகளின் பட்டியலைத் திறந்தால் அத்தனையும் ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்தவை. கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் அவை கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் தண்டவாளத்தின் விலையைத் தாண்டிவிடும். பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என் கைக்கு எட்டாத கடையின் பட்டியல்.

ஜனவரி 7, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஸ்கார்ம். பல்கேரியாவைச் சேர்ந்த மிலென் பேவ் எழுதியது. பணம் கட்டாமல் 100 துண்டுகள் வரை. இதன் பலம் முப்பரிமாணக் காட்சி. வரைந்ததை ஒரு பொத்தானில் நிமிர்த்திக் காட்டுகிறது. மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இதுல மலையைப் போட்டுக் காட்டுங்க” என்றாள். போட்டோம், அழகாகத்தான் இருந்தது. ஆனால் இதுவும் அதே துண்டுகளைத்தான் அடுக்கச் சொல்கிறது.

ஜனவரி 11, சனி

பக்கத்துத் தெரு ஐயா வந்திருந்தார். ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது பாதை இன்ஸ்பெக்டராக, இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம், பாயிண்ட், ஜல்லி என்று வாழ்நாள் முழுக்கப் பாதையோடு நடந்தவர். எனிரெயிலில் வரைந்ததைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் ஒரு வளைவின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இந்த வளைவு எத்தனை டிகிரிங்க?”

ரயில்வேயில் வளைவைப் பெரும்பாலும் டிகிரியில்தான் சொல்வார்கள். 1750-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் டிகிரி வந்துவிடும். மீட்டர் கேஜில் அதிகபட்சம் 16 டிகிரி என்பது விதி. அதாவது 109 மீட்டர் ஆரம். பிராட் கேஜில் 10 டிகிரி, 175 மீட்டர். உட்கார்ந்து 1:87-க்குக் கணக்குப் போட்டோம். மீட்டர் கேஜின் மிகக் கூர்மையான வளைவே பலகையில் 1.25 மீட்டர் ஆரம் வருகிறது. பிராட் கேஜில் 2 மீட்டர். அமெரிக்காவில் காலங்காலமாகப் பொம்மை ரயில் பெட்டியோடு வரும் 18 அங்குல வளைவை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 40 மீட்டர். ஐயா கணக்குத் தாளை வெகு நேரம் பார்த்தார். “இதுல வண்டி விட்டா சக்கரம் கத்துமுங்க” என்றார்.

அடுத்து பாயிண்ட். நம் ரயில்வேயில் பாயிண்டை அதன் கிராசிங்கின் விகிதத்தால் அழைப்பார்கள். ஒன்றுக்கு எட்டரை, ஒன்றுக்குப் பன்னிரண்டு, ஒன்றுக்குப் பதினாறு. எட்டரை என்றால் இரு பாதைகளும் கிட்டத்தட்ட 6.7 டிகிரியில் பிரிகின்றன. கடையில் கிடைப்பவற்றில் நல்லதென்று பேர்பெற்ற பெக்கோ ஸ்ட்ரீம்லைனில் இது 12 டிகிரி, ஏறக்குறைய ஒன்றுக்கு 4.7. இடத்தை மிச்சப்படுத்த அப்படிச் செய்கிறார்கள், அது தப்பில்லை. ஆனால் பிரியும் கோணம்தான் ஒரு யார்டின் முகம். அதை இரட்டிப்பாக்கினால் குன்னூர் குன்னூராக இருக்காது.

ஒன்றுக்கு எட்டரை போட்டால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். கேஜையும் விகிதத்தையும் பெருக்கி, அதை இரட்டித்தால் பாயிண்டின் முனையிலிருந்து கிராசிங் வரை உள்ள தூரம். மீட்டர் கேஜுக்கு 17 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 195 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு பாயிண்டுக்கு ஒரு சாண்.

அவர் போன பிறகு இதை எழுதுகிறேன். என்னிடம் உள்ள கேள்வி மாறிவிட்டது. எந்தத் துண்டை எதோடு சேர்ப்பது என்பது இப்போது என் கேள்வியே இல்லை. பாதை எப்படிப் படுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும், அதை ஏற்று வரைந்து தரும் மென்பொருள் வேண்டும். தண்டவாளத்தை நானே போடப்போகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல் விடுமுறை. நாள் முழுக்க எக்ஸ்டிராக்கேட்.

டேவ் புல்லிஸ் என்பவர் எழுதி ஒரு காலத்தில் விலைக்கு விற்றது. பிறகு மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மகளின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ்தான் இருக்கிறது என்பதால் எனக்கு இது பெரிய வசதி. துண்டு எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

முதல் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிறது. ஐகான்கள் குட்டி குட்டியாக வரிசைகட்டி நிற்கின்றன. எதை அழுத்தினாலும் கீழே ஒரு வரி வந்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அந்த வரியைப் படிக்கப் பழகிக்கொண்டால் பிடிபட்டுவிடுகிறது. முதலில் குறைந்தபட்ச ஆரத்தையும் அதிகபட்சச் சாய்வையும் கேட்டு வைத்துக்கொள்கிறது. எச்ஓ எம் அளவு உள்ளேயே இருக்கிறது. நேர்ப்பாதையும் வளைவும் சேரும் இடத்தில் திடீரென்று திருப்பாமல், வளைவை மெல்ல மெல்லக் கூட்டும் இணைப்பு வளைவையும் தானே போட்டுக்கொள்கிறது. நிஜப் பாதையிலும் அப்படித்தான். பயணி உடம்பு சாய்வதை உணராமல் வளைவுக்குள் போவது அதனால்தான்.

நமக்கு வேண்டிய பாயிண்டை நாமே அளவு கொடுத்து உண்டாக்கும் வசதியும் இருக்கிறது. நீளம், கோணம், விலகல் மூன்றையும் கொடுத்தேன். என் ‘ஒன்றுக்கு எட்டரை’ பட்டியலில் மற்ற கம்பெனிகளின் துண்டுகளோடு வந்து உட்கார்ந்தது.

விலை கொடுத்து வாங்கும் தேர்ட் பிளானிட் போன்றவை இதைவிட நயமானவை என்கிறார்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ரெயில்மாடலர் இருக்கிறது. என் தேவை இங்கேயே தீர்வதால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 18, சனி

குன்னூர். காலையில் பஸ் பிடித்து, ரயில் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன்.

பத்தரை மணிவாக்கில் ரயில் வந்தது. எஞ்சின் பின்னால். பல்சட்டப் பாதையில் எஞ்சின் எப்போதும் இறக்கத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளித்தான் வரும். பெட்டி கழன்றாலும் எஞ்சினைத் தாண்டிக் கீழே ஓட முடியாது. எஞ்சினின் நாலு சிலிண்டரில் இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு. அங்கே வேலை செய்த நீராவி இன்னும் இரண்டு சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது.

பல்சட்டத்தைப் பார்க்கத்தான் போனேன். பாதையின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஃகுச் சட்டங்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்கும்படி இப்படி மாற்றி வைத்தார் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியர். பல்லின் முகம் தேய்ந்து கண்ணாடிபோல மின்னியது. இடுக்கில் கறுத்த கிரீஸ், அதில் மணல். ஸ்லீப்பரின் நடுப்பகுதி முழுக்க எண்ணெய் ஊறிய கருப்பு, ஓரம் வெளுத்த சாம்பல். இந்த இரண்டு நிறங்களும் வராமல் என் பலகையில் பாதை நிஜமாகத் தெரியாது. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஊட்டிக்குப் புறப்படும்போது ரயில் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பாயிண்டைத் தாண்டி நின்றது. பாதை மாறியதும் முன்னேறியது. ரயில் முழுவதும் பாயிண்டைத் தாண்டினால்தான் அடுத்த அசைவு. இதுதான் என் வரைபடத்தின் கழுத்து. பாயிண்டுக்கு அப்பால் ஒரு முழு ரயில் நிற்க இடமில்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸ்டேஷன் வேலை செய்யாது.

ஜனவரி 19, ஞாயிறு

எக்ஸ்டிராக்கேட்டில் புதிதாக ஆரம்பித்தேன். குன்னூரை அப்படியே 12 அடிக்குள் திணிக்க முடியாது. யார்டைச் சுருக்கலாம், சைடிங்குகளைக் குறைக்கலாம். பின்வாங்கும் அசைவை மட்டும் சுருக்கக் கூடாது.

என் ரயில் ஒரு எஞ்சினும் நாலு பெட்டியும். 70 சென்டிமீட்டருக்குள் அடங்கும். பலகையில் 365 சென்டிமீட்டர் இருக்கிறது. இடது கோடியில் பல்சட்ட இறக்கத்துக்கு 90. அதற்கும் பாயிண்டுகளுக்கும் நடுவே ரயில் பின்வாங்கி நிற்கச் சமதளமாக 75. வரிசையாக இரண்டு பாயிண்டுகளுக்கு 50. மீதி 150-இல் பிளாட்பாரம், ஓடிச்சுற்றும் லூப் லைன், ஷெட்டுக்கு இரண்டு பாதைகள். ஊட்டிப் பாதை யார்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஏறும்.

பிறகு உயரங்களைக் கொடுத்தேன். மலை ரயிலில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28-க்கு ஒன்று, அதாவது 8.14 சதவீதம். 90 சென்டிமீட்டரில் 7.3 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். குன்னூருக்கு மேலே பல்சட்டம் இல்லாத பகுதிக்கு 25-க்கு ஒன்று என்று வைத்தேன். ஒன்றரை மீட்டரில் 6 சென்டிமீட்டர் ஏறும். இரண்டு முனைகளுக்கும் இடையே 13 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தைத் திறந்தேன். தட்டையான ஒரு யார்டு, ஒரு பக்கம் சரிந்து விழும் கோடு, மறுபக்கம் பின்னால் எழும் கோடு. குன்னூரின் உடலமைப்பு அந்த மூன்று கோடுகளில் வந்துவிட்டது. ஸ்கார்மின் பச்சை மலையைப் பார்த்தபோது வராத சந்தோஷம் இதைப் பார்த்ததும் வந்தது.

இந்த மென்பொருளில் ரயிலை ஓட்டியும் பார்க்கலாம். எஞ்சினைச் சொடுக்கி நகர்த்தி, பாயிண்டைச் சொடுக்கி மாற்றி, பெட்டியை இணைத்துக் கழற்றி. நீளம் சரியாகக் கொடுத்திருந்தால் எது எங்கே முட்டும் என்று தெரிந்துவிடும். ஷெட்டிலிருந்து டீசல் எஞ்சினை எடுத்து ரயிலில் கோர்த்து, பின்வாங்கி, மேலே அனுப்பினேன். சமதளத்தில் வாலுக்கு 5 சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது.

பலகை இரண்டு துண்டுகளாக இருக்கும். வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே. சேரும் இடத்தைத் தனி அடுக்கில் சிவப்புக் கோடாகப் போட்டேன். எந்தப் பாயிண்டும் அந்தக் கோட்டின் மேல் விழவில்லை. கோடு லூப்பின் நேர்ப்பகுதியைத்தான் வெட்டுகிறது.

ஜனவரி 22, புதன்

எக்ஸ்டிராக்கேட் பாதையின் திட்டத்தைத் தருகிறது. தண்டவாளத்தை என் கையால் போட, ஒவ்வொரு ஸ்லீப்பரும் எந்த நீளத்தில் எந்தக் கோணத்தில் கிடக்கும், செக் ரெயில் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்பது வரை தாளில் வேண்டும். அதற்கென்றே டெம்ப்லாட் இருக்கிறது. இங்கிலாந்தின் மார்ட்டின் வின் பல ஆண்டு உழைத்துச் செய்தது. முன்பு விலைக்கு, இப்போது இலவசம். இது விண்டோஸுக்கானது. ஆபீஸ் லேப்டாப்பில் தனிப்பட்ட வேலை வைத்துக்கொள்வதில்லை என்பதால் எனிரெயிலுக்கும் ஸ்கார்முக்கும் வாங்கியதுபோலவே மைத்துனரின் லேப்டாப்பை மறுபடி இரவல் வாங்கி வந்தேன்.

இதில் துண்டுகளின் பட்டியலே கிடையாது. கேஜ் என்ன, அளவு என்ன, கிராசிங் விகிதம் என்ன என்று கேட்கிறது. எந்த நாட்டின் எந்தக் கேஜாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். நம் பிராட் கேஜைச் சரியான அளவில் போட விரும்புகிறவர் 1:87-இல் 19.3 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் அதையும் வரைந்து தரும். உலகத்துக் கடைகளில் இல்லாத பாதையை வைத்திருக்கும் நம் போன்றவர்களுக்கு இதன் அருமை தனி.

கையாளப் பழக வேண்டும். திரையில் எப்போதும் ஒரே ஒரு அச்சுதான் உயிரோடு இருக்கும். விசைப்பலகையின் மேல்வரிசை விசையைத் தட்டி, மவுஸை நகர்த்தினால் அது நீள்கிறது, வளைகிறது. பிடித்த நிலைக்கு வந்ததும் அதைப் பின்னணியில் பதித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். நேர்ப் பாயிண்ட் ஒன்றை வளைவின் மேல் வைத்து அப்படியே வளைத்தேன். தண்டவாளமும் ஸ்லீப்பர்களும் கிராசிங்கும் சேர்ந்து, முறிவு இல்லாமல் வளைந்தன. மூச்சை விட்டேன். நிஜத்தில் இடத்துக்கேற்ப வளைத்துப் போட்ட பாயிண்டுகள் இப்படித்தான் படுத்திருக்கும். பட்டியல் துண்டுகளால் இதைத் தர முடியாது.

பாயிண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஸ்லீப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தள்ளி, நீட்டி, திருப்பி வைத்தேன். இரவு மணி ஒன்று.

ஜனவரி 25, சனி

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட். நிஜ அளவு, ஏ4 தாள்களில் துண்டு துண்டாக. பிரிண்டர் தாளுக்கேற்ப அளவைச் சுருக்கிவிடும் தெரிவை அணைக்கச் சொல்லி, முதல் தாளில் உள்ள அளவுகோலை எஃகு ஸ்கேலால் சரிபார்த்த பிறகே மற்றவற்றை எடுத்தேன். தாளுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் 12 அடி முடிவில் பாதை பலகையை விட்டு வெளியே போய்விடும்.

ஓரங்களை வெட்டி ஒட்டித் தரையில் விரித்தோம். ஒரு பாயிண்டின் தாளைப் பலகைத் துண்டில் ஒட்டி, சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்த செம்புப்பூச்சு போர்டைப் பட்டை பட்டையாக அறுத்து, ஸ்லீப்பர் குறிகளின் மேல் வைத்துப் பார்த்தேன். சாலிடரிங் அயர்ன் சூடானதும் முதல் தண்டவாளத்தைக் கோட்டின் மேல் பிடித்து வைத்தேன். ஈயம் ஓடி உறைந்தது. கோடு தண்டவாளத்தின் அடியில் மறைந்தது.

சாயங்காலம் ஐயா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தாளின் ஓரமாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். லைனில் நடந்தது போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பாயிண்டுகளின் மேல் குனிந்தார். எட்டரை என்று நான் சொல்வதற்குள் அவரே சொன்னார். பிறகு ஊட்டிப் பாதை யார்டில் வந்து சேரும் இடத்தில் நின்றார்.

“மேல இருந்து ஒரு வண்டி பிரேக் இல்லாம இறங்கி வந்தா எங்கீங்க போகும்?”

ஸ்டேஷனை நோக்கி இறங்கும் பாதை 80-க்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருந்தால் கேட்ச் சைடிங் வேண்டும், ஸ்டேஷனை விட்டு இறங்குவது 100-க்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருந்தால் ஸ்லிப் சைடிங் வேண்டும் என்பது அவர் வேலை பார்த்த காலத்து விதி. என் பலகையில் வந்து சேர்வது 25-க்கு ஒன்று. வளைவையும் சாய்வையும் கேட்ட மென்பொருள் எதுவும் இதைக் கேட்கவில்லை. கேட்க அவற்றுக்குத் தெரியவும் தெரியாது.

ஜனவரி 26, ஞாயிறு

எக்ஸ்டிராக்கேட்டில் திட்டமும் உயரமும் ஓட்டிப் பார்ப்பதும். டெம்ப்லாட்டில் பாயிண்டும் ஸ்லீப்பரும். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். எனிரெயிலை, கடைத் தண்டவாளத்தில் முதல் பாதை போடப்போகும் மைத்துனர் மகனுக்குச் சொல்லிவிட்டேன்.

காலையில் ஷெட்டுக்குப் போகும் இரண்டு பாதைகளில் ஒன்றை அழித்தேன். அந்த இடத்தில், ஊட்டிப் பாதை வந்து சேரும் கழுத்துக்குச் சற்று முன் ஒரு பாயிண்ட், அதிலிருந்து மேல்நோக்கி ஏறி மண்மேட்டில் முடியும் ஒரு கேட்ச் சைடிங். பாயிண்டுக்கு ஒரு சாண், பாதைக்கு 60 சென்டிமீட்டர். பாயிண்ட் எப்போதும் சைடிங் பக்கமே திரும்பி நிற்கும். இறங்கி வரும் வண்டி நின்று, கேட்டு, அனுமதி பெற்ற பிறகே அதை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஊட்டி வண்டிக்கும் ஒரு வேலை கூடுகிறது. அது எனக்கு வேண்டியதுதான்.

புதிய பாயிண்டை டெம்ப்லாட்டில் வரைந்தாயிற்று. நாளை ஜெராக்ஸ் கடை திறந்ததும் அந்த இரண்டு தாள்களை மட்டும் எடுத்து, பழையதை வெட்டி இதை ஒட்ட வேண்டும். பிளைவுட் சனிக்கிழமை வருகிறது.